காப்புக் கட்டாத வீட்டுக் கல்

மொட்டைக்கரட்டூரில் கல்லெல்லாம் கரைந்துபோன வருஷத்தில் கரையாமல் மிஞ்சியவை ஒரே ஒரு வீட்டின் கற்கள்தாம்: அந்த வீட்டு அம்மி, அந்த வீட்டு ஆட்டுக்கல், அந்த வீட்டுத் துவைகல், அந்த வீட்டு வாசற்படி, அப்புறம் அந்த வீட்டுக்காரர் சென்னியப்பனின் வலப்பக்கச் சிறுநீரகத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த புளியங்கொட்டை அளவுக் கல். முதல் நான்கையும் காப்பாற்றியாக வேண்டும் என்று ஊர் நினைத்தது. ஐந்தாவதைத் தொலைத்தாக வேண்டும் என்று சென்னியப்பனின் மனைவி பாவாத்தாள் நினைத்தாள். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை என்பதால்தான் எனக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்தது.

சென்னியப்பன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் வாத்தியாராக வந்து, ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். ஊரில் மீசை வைத்தவர்கள், மூக்குத்தி போட்டவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், ஓட்டு வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அவருடைய விசிலுக்கு விறைத்து நின்றவர்கள். “நெஞ்ச நிமுத்து! பூமியில என்ன பொதையலா தேடறே?” என்பது அவர் காலைதோறும் ஓதிய மந்திரம். அதைக் கேட்டு வளர்ந்ததால் மொட்டைக்கரட்டூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட உயர வரிசைப்படிதான் நிற்பார்கள் என்று சுற்று வட்டாரத்தில் கேலி உண்டு. அப்படிப்பட்ட மனிதரைப் போன சித்திரையில் இந்தக் கல் பிடித்து அரிவாள் மாதிரி வளைத்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே கையை ஊன்றிக்கொண்டு, தன் கால் பெருவிரலையே பார்த்தபடி அவர் நடந்து போகும்போது, பழைய மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்தால் சிரிப்பு வருமோ அழுகை வருமோ என்று அவர்களுக்கே நிச்சயமில்லை.

திருப்பூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: கல் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, பின்னால் நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது, தை கழிவதற்குள் எடுக்காவிட்டால் கல்லை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டியிருக்கும். சென்னியப்பன் இரண்டு தடவை அட்மிட் ஆனார், இரண்டு தடவையும் முதுகு திறந்த பச்சைக் கவுனோடு ஓடி வந்தார். இளமையில் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவர் என்பதால் குனிந்தபடியே ஓடினாலும் வார்டு பாய்களால் பிடிக்க முடியவில்லை. எதிரே நிற்பவர் கையில் கத்தரிக்கோல் இருந்தால் முடிவெட்டிக்கொள்ளக்கூட உட்காராத மனிதர் அவர். அந்தக் காரணத்தால் அவர் முடியைப் பாவாத்தாள்தான் வெட்டுவாள், அதுவும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

ஆகவே வைத்தியம் ஊர் கைக்கு வந்தது. ஒரு மனிதனுக்குச் சிறுநீரகக் கல் என்று தெரிந்தால் நம் பக்கத்தில் வாசலில் வந்து நிற்கிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் நெருஞ்சி முள் கொண்டுவந்தார். அதைக் கேலி செய்தபடி இன்னொருவர் யானை நெருஞ்சில் கொண்டுவந்து, செம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாவதைக் காட்டிவிட்டு, “பாத்தீங்களா, இப்பிடித்தான் வழுக்கிட்டு வெளிய வரும்” என்றார். மூக்கிரட்டை வேர் வந்தது, நீர்முள்ளி விதை வந்தது, மாவிலங்க மரத்துப் பட்டை ஒரு மூட்டை வந்தது, வாழைத்தண்டு வண்டியில் வந்தது. ரணகள்ளி இலையை ஒருத்தி கொண்டுவந்து, தின்னச் சொல்லிக் கொடுத்ததை அவர் மறதியாகத் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைக்க, இலையின் ஓரமெல்லாம் குட்டிச் செடிகள் முளைத்து ஆடி மாதத்தையே மறைத்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுபீளை. இதைப் பூளைப்பூ என்பது நம் பக்கத்து வழக்கு. கண்பீளை என்பவர்களும் உண்டு. பாஷாணபேதி, அதாவது கல்லை உடைப்பது, என்ற வடமொழிப் பட்டத்துக்குப் போட்டியிடும் ஏழெட்டுச் செடிகளில் இதுவும் ஒன்று, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பாவாத்தாள் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் இடித்தாள், கொதிக்கவைத்தாள், வடிகட்டினாள், மூக்கைப் பிடித்து ஊற்றினாள். புரட்டாசி வாக்கில் அவர் தும்மினால் பக்கத்தில் நிற்கிறவர் சட்டையில் நெருஞ்சி வாசம் அடித்தது. கல் மட்டும் அசையவில்லை; வருகிற கஷாயத்தையெல்லாம் அது தனக்கு வந்த சீராக எடுத்துக்கொண்டது.

மார்கழியில் சென்னியப்பனின் பங்காளி ஒருவர், முகம் பார்த்தறியாத, எட்டாவது தலைமுறையிலோ ஒன்பதாவது தலைமுறையிலோ கிளை பிரிந்த ஒருவர், வெள்ளகோவில் தாண்டி எங்கேயோ பலாக்கொட்டை தொண்டையில் மாட்டிச் செத்துப்போனார். பங்காளி செத்தால் அந்த வருஷம் பொங்கல் இல்லை. பொங்கல் இல்லையென்றால் காப்பும் இல்லை. காப்பு என்பது போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசலுக்கு மேலே கூரை விளிம்பில், எரவாணத்தில் கட்டுவது; கட்டிய காப்பை அடுத்த போகி வரைக்கும் யாரும் அவிழ்ப்பதில்லை, அது காய்ந்து, உதிர்ந்து, நூலாகத் தொங்கினாலும் தொங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். சென்னியப்பன் பிழைக்க வந்த ஊர் என்பதால் அவர் குலத்தில் அங்கே அவர் ஒரு வீடுதான். ஊரில் அந்த ஒரு வாசல் மட்டும் அந்தப் போகிக்கு மொட்டையாக நின்றது.

மற்ற வாசல்கள் அதற்கும் சேர்த்து நிறைந்திருந்தன. ஊருக்குப் பின்னாலிருக்கும் கல்குன்றான மொட்டைக்கரட்டில் அந்த மார்கழியில் பூளை அப்படிப் பூத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கரட்டுக்கு ஒரே ராத்திரியில் நரை விழுந்துவிட்டதோ என்று தோன்றும். ஊராட்சித் தலைவி சம்பூரணம், எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாதவர், மைக்கைப் பிடித்து, “பூவு கொட்டிக் கெடக்குது, கட்டறதுக்கு என்ன கருமித்தனம்? எல்லாத்துக்கும் கட்டுங்க!” என்று அறிவித்தார். கட்டினார்கள். வீட்டுக்குக் கட்டினார்கள், மாட்டுக்கொட்டகைக்குக் கட்டினார்கள், கிணற்றுக்கும் மோட்டாருக்கும் மொபெட்டுக்கும் கட்டினார்கள், டிரான்ஸ்பார்மருக்கு எட்ட நின்று கொக்கி போட்டுக் கட்டினார்கள், எல்லைப் பலகைக்கும் மைல்கல்லுக்கும் கட்டினார்கள், கரட்டடியிலிருந்த கல் உடைக்கும் கிரஷருக்கு மாலையாகவே போட்டார்கள். அளவு தெரியாமல் கட்டியதுதான் தப்பு என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அந்த வருஷத்து மழை என்றார்கள் சிலர். நான் இரண்டையும் விசாரித்துப் பார்த்தேன், இரண்டிலும் சாரமில்லை. கல்லைக் கரைக்கும் என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு செடி என்றைக்காவது அதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் செய்யும்.

பொங்கலன்று காலையில் டீக்கடைச் சுப்பராயனின் கல் பெஞ்சில் உட்கார்ந்த பால்காரர் எழுந்து போனபோது, பெஞ்சில் அவருடைய உட்காரும் இடம் அச்சாகப் பதிந்திருந்தது. சுப்பராயன் விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. “மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்குது” என்றார். அதற்குள் பாதி ஊரின் அம்மிகள் வெல்லப்பாகு பதத்துக்கு வந்திருந்தன. மத்தியானம் ஆட்டுக்கற்கள் வடிந்தன. துவைகல்லில் துணியை அடித்த பெண்கள் தெறித்த கல்லை முகத்திலிருந்து வழித்துப் போட்டுவிட்டு, அடிக்கிற வேலை மிச்சம் என்று வெறுமனே அலசினார்கள். மாட்டுப்பொங்கலன்று வேலிக்கு நட்டிருந்த கல்லுக்கால்கள் எல்லாம் கும்பிடுகிற மாதிரி குனிந்தன. அஸ்திவாரங்கள் இளகி வீடுகள் ஒரு சாண் கீழே இறங்கின, ஆனால் எல்லா வீடும் சேர்ந்து ஒரே அளவாக இறங்கியதால் யாருக்கும் யார்மேலும் பொறாமை வரவில்லை. அரசமரத்தடிப் பிள்ளையார் முதலில் துதிக்கையிலும் அப்புறம் தொந்தியிலும் இளைத்து, மூன்றாம் நாள் பக்தர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமைதியாக ஓடைக்குப் போய்விட்டார். பூசாரி கொஞ்சமும் கலங்காமல் மஞ்சளைப் பிடித்துவைத்து, அறுகம்புல் செருகி, வழக்கம்போல மணியடித்தார். மொட்டைக்கரடு கேசரி மாதிரி ஆகி, ஜீப் போகாத உச்சிக்குக் குழந்தைகள் கரண்டி போட்டுப் படி வெட்டி ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊரின் தெற்கே, தண்ணீரே பார்த்திராத ஓடையில் இளஞ்சூடாக, கொஞ்சம் மஞ்சளாக, நுரைத்துக்கொண்டு நீர் ஓடத் தொடங்கியது. ஊருக்கே நீர் பிரிந்துவிட்டது என்று நான் எழுதினால் நாகரிகக் குறைவு என்பார்கள். ஆனால் அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், சொல்லிவிட்டு, பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

ஊராருக்குள் இருந்த கற்களும் போயின. யார் யாருக்குக் கல் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. சங்கத்துக் காசாளர், பள்ளிக்கூடத்துச் சமையலம்மாள், கர்வம் பிடித்த போஸ்ட்மாஸ்டர் எல்லாரும் காலையில் கொல்லைப்புறப் பொடக்காளிக்குப் போய், உள்ளேயிருந்து ஆனந்தக் கூச்சல் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு வெளியே வந்தார்கள்.

சென்னியப்பன் வீட்டில் மட்டும் அம்மி அம்மியாகவும், படி படியாகவும், கல் கல்லாகவும் இருந்தது.

அவர் சம்பூரணத்தின் வீட்டுக்குப் போய் அந்த எரவாணத்துக்கு நேர் கீழே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மூன்று காபி குடித்தார். அவருக்கடியிலிருந்த படி இளகி, அவர் இடுப்பளவு புதைந்து, நாலு பேர் தூக்கி எடுத்ததுதான் மிச்சம். விருந்தாளிக்குக் காப்பு வேலை செய்யாது. அவரவர் வாசல் அவரவருக்கு. ஆனால் பொருளுக்கு அந்த மரியாதை இல்லை. பாவாத்தாளிடம் அம்மியை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு போனவர்கள், தங்கள் வாசலைத் தாண்டும்போதே அது விளிம்பில் கசியத் தொடங்குவதைப் பார்த்து அலறியடித்துத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். வெளியூரிலிருந்து வாங்கிவந்த அம்மி எல்லைப் பலகையைக் கடந்ததும் டெம்போவின் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிவிட்டது.

ஆகவே ஊர் அவர் வாசலுக்கு வந்தது. விடிந்தால் பெண்கள் தேங்காயும் மிளகாயுமாக அம்மிக்கு வரிசை கட்டினார்கள், உயர வரிசைப்படி. தேங்காய் உடைக்க வந்தவர்கள், கத்தி தீட்ட வந்தவர்கள், வெறுமனே கெட்டியான ஒன்றின்மேல் சற்று உட்கார்ந்துவிட்டுப் போக வந்த கிழவர்கள் என்று வாசலில் திருவிழா. சென்னியப்பன் உள்ளே பாயில் சுருண்டு கிடந்தார்.

“ஏனுங், ரொம்ப வலிக்குதுங்களா?” என்று பாவாத்தாள் கேட்டால், “இல்ல, லேசாத்தான்” என்பார், தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு.

பொங்கல் கழிந்த மறுவாரமே பாவாத்தாள் முடிவு செய்துவிட்டாள். சமையலறை ஆணியில் கஷாயத்துக்காகக் காயப்போட்டிருந்த பூளைக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதே செடிதான், ஆனால் வீட்டுக்குள் வைத்திருப்பது வேறு, வாசலில் காப்பாகக் கட்டுவது வேறு என்று அந்தச் செடிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முக்காலியைப் போட்டு ஏறினாள். அம்மிக்கு நின்ற பெண்கள் போட்ட கூச்சலில் சம்பூரணம் ஓடிவந்தார்.

“அக்கா! அக்கா! எறங்குங்க! பங்காளி செத்த தீட்டு இருக்கையில காப்பு கட்டலாமுங்களா?”

“செத்தவரு வந்து கேட்டா நான் பேசிக்கறேன். பலாக்கொட்டைய மென்னு முழுங்கத் தெரியாதவருக்காக என்ற ஊட்டுக்காரரு கிட்னிய விடறதா?”

“தீட்ட உடுங்க. என்ற மகளோட கல்யாணமுங்க அக்கா.” சம்பூரணம் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். “தை கடேசி முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கரூர்ப் பக்கம், பொல்லாத சம்பிரதாயக்காரங்க. பொண்ணு அம்மி மிதிக்கலீன்னா தாலியே கட்ட மாட்டாங்க. ஊர்ல இருக்கறதே உங்க அம்மிதானுங்க.”

“வெளியூர்ல மண்டபம் புடி.”

“புடிச்சா? ‘தலைவியோட ஊர்லயே ஒரு கல்லு இல்ல’ம்பாங்க. அவங்களுக்கு இன்னும் நான் சொல்லலீங்க. போன வாரம் சம்பந்தி வந்து பாலத்துத் திட்டுல உக்காந்தாரு, அப்பிடியே உள்ள போய்ட்டாரு. ஸ்பாஞ்சு போட்டிருக்கறோமுங்க, ஊராட்சி நிதியிலன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”

உள்ளேயிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. சிரிப்பா முனகலா என்று தெரியவில்லை. “பாவா, அந்தப் புள்ள கல்யாணம் முடியட்டும். மௌனிகாவுக்கு நான்தான் ஓடச் சொல்லிக் குடுத்தேன். கல்யாணத்தன்னிக்கு அது நின்னுரக் கூடாது.”

“உங்களுக்குத் தை முடிஞ்சா கிட்னி போயிருமுங்க.”

“கல்யாணம் தையிலதான புள்ள. காலைல முகூர்த்தம், மத்தியானம் கட்டிக்கோ. வாக்குக் குடுத்துரு.”

பாவாத்தாள் முக்காலியிலிருந்து இறங்கினாள். வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அன்றைக்கு அம்மிக்கு வந்த எல்லாரையும் துரத்தினாள், கதவைச் சாத்தினாள், பூளைக்கொத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏற்பாடு இப்படி: தலைவி வீட்டு முன்னால் பந்தல், மணவறை எல்லாம், அம்மிச் சடங்குக்கு மட்டும் பொண்ணும் மாப்பிள்ளையும் மேளதாளத்தோடு வாத்தியார் வீட்டு வாசலுக்கு நடந்து வருவது, கேட்டால், “எங்க ஊர் வழக்கமுங்க, குருவோட அம்மியத்தான் மிதிக்கோணும்” என்று சொல்லிவிடுவது. சம்பூரணம் இந்த வழக்கத்தை இட்டுக்கட்டிய வேகத்தைப் பார்த்தால், நாம் புராதனம் என்று கும்பிடுகிற பல வழக்கங்கள் எப்படிப் பிறந்திருக்கும் என்பது விளங்கும். ஊரே அதை ஒரு வாரத்தில் நம்பத் தொடங்கிவிட்டது. சுப்பராயன் தன் கல்யாணத்தில்கூட அப்படித்தான் நடந்ததாகச் சத்தியம் செய்தார்.

கல்யாணத்தன்று விடியும்போது பொடக்காளியில் தடாலென்று சத்தம் கேட்டது. பாவாத்தாள் ஓடிப் போய்ப் பார்த்தாள். சென்னியப்பன் தரையில் கிடந்தார், உடம்பு அனலாகக் கொதித்தது, கண்கள் மேலே செருகியிருந்தன. அவள் தண்ணீரை முகத்தில் அடித்தாள். அவர் லேசாகக் கண்ணைத் திறந்து, “விசில் அடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அடுத்த தெருவில் நாதசுரம் தொடங்கிவிட்டது. பாவாத்தாள் ஒரு நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்; அவள் அழவில்லை, யோசிக்கவும் இல்லை; உள்ளே போய் ஆணியிலிருந்த கொத்தை உருவினாள், முக்காலி தேட நேரமில்லாமல் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, வேப்பிலை இல்லை, ஆவாரம்பூ இல்லை, வெறும் காய்ந்த பூளையைத் தன் தாலிச்சரட்டிலிருந்து உருவிய மஞ்சள் நூலால் எரவாணத்தில் கட்டினாள். கட்டியபோது சொன்னாள்: “வருசமெல்லாம் உன்னயக் காச்சி ஊத்துனேன். எனக்குக் கோவமில்ல. இப்பவாவது செய்யி.”

வாசற்படி அவள் இறங்கிய அடியிலேயே தொய்ந்தது. துவைகல் ஒரு பெருமூச்சு விட்டுச் சரிந்தது. ஆட்டுக்கல் குழவியோடு சேர்ந்து மாவாகி, தன்னைத் தானே ஆட்டிக்கொண்ட திருப்தியோடு பரவியது. அலம்பி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மணப்பெண்ணுக்காக வாசல் நடுவே போட்டிருந்த அம்மி, முதலில் மஞ்சள் வடிந்து, அப்புறம் குங்குமம் வடிந்து, அப்புறம் தானும் வடிந்து, கோலத்தைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு ஓடையைப் பார்க்கப் போனது. பொடக்காளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கூச்சலா, கர்ஜனையா, அந்தக் காலத்து விளையாட்டு விழாவில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற வெடியா என்று பாவாத்தாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தொடர்ந்து பித்தளைச் செம்பில் ‘ணங்’ என்று ஒன்று விழுந்தது.

கரையவில்லை. முழுசாக வந்து விழுந்தது. ஒன்பது மாதமாக நெருஞ்சி, நீர்முள்ளி, மாவிலங்கம், மூக்கிரட்டை, பூளை எல்லாவற்றையும் குடித்துப் பழகிய கல் அது. மற்றக் கற்களைப்போல முதல் அறிமுகத்திலேயே உருகிவிடுமா? காப்பின் பேச்சைக் கேட்டுக் கிளம்ப மட்டும் சம்மதித்தது. புளியங்கொட்டை நிறத்தில், சுற்றிலும் நெருஞ்சி முள் மாதிரி கூர்களோடு, செம்பின் அடியில் பளபளவென்று கிடந்தது.

பாவாத்தாள் அதைக் கழுவினாள். மஞ்சள் தண்ணீரில் கழுவினாள், பாலில் கழுவினாள், சோப்புப் போட்டுக் கழுவினாள். எங்கே கரைந்துவிடுகிறதோ என்று பார்த்தாள், அது கரையவில்லை. அதன்மேல் ஒரு மாதிரி மரியாதை வந்துவிட்டது.

மேளதாளம் தெருமுனையில் திரும்பியது. முன்னால் சம்பூரணம் பட்டுச்சேலையில் வந்தார். பின்னால் கரூர் சம்பந்தி, பெரிய மீசை, மிருதுவான பாலத்தில் உட்கார்ந்த நினைவில் எச்சரிக்கையாக அடி வைத்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவே மாப்பிள்ளையின் விரலைப் பிடித்தபடி மௌனிகா, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வெட்கப்படும்படி வழி நெடுகப் பேசிக்கொண்டே. வாசலைப் பார்த்ததும் சம்பூரணம் நின்றார். அம்மி இருந்த இடத்தில் ஈரம் இருந்தது. எரவாணத்தில் பூளை இருந்தது. நாதசுரக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு மூச்சை நிறுத்தினார்.

“அக்கா,” என்றார் சம்பூரணம். குரல் மைக் இல்லாமலே ஊருக்கெல்லாம் கேட்கும் குரல், இப்போது பக்கத்திலிருந்தவருக்கே கேட்கவில்லை. “வாக்குக் குடுத்தீங்களே அக்கா.”

“குடுத்தேன். அவரு கீழ உழுந்துட்டாரு, காப்பக் கட்டிப்போட்டேன். நீயா இருந்தாலும் கட்டியிருப்பே.”

சம்பூரணம் தன் மகளைப் பார்த்தார், சம்பந்தியின் மீசையைப் பார்த்தார். “கட்டியிருப்பேன்,” என்றார் மெல்ல. கண்ணில் நீர் முட்டியது.

“அம்மி எங்கீங்க?” என்றது மீசை. “கல்லு இல்லாம எங்க பக்கத்துல கல்யாணம் இல்லீங்க. பொண்ணு கல்லாட்டம் உறுதியா நிக்கோணும்னுதான அம்மி மிதிக்கறது?”

“கல்லுதான வேணும்?” பாவாத்தாள் உள்ளங்கையை விரித்தாள். “இந்தாங்க.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

“இதா?”

“பொறத்தால கரட்டப் பாருங்க, அதுவும் கல்லாத்தான் இருந்துச்சு, இப்ப புள்ளைங்க கரண்டியில வழிச்சுட்டு இருக்குதுங்க. இந்த ஊர்லயிருந்த அத்தன கல்லும் அடிச்ச காத்துக்கு உருகிப் போச்சு. இது ஒண்ணுதான் எதுக்கும் அசையாம நின்னுது. உறுதி வேணும்னு சொன்னீங்களே, இத விட உறுதியான கல்லு உங்க கரூர்ல இருந்தாக் காட்டுங்க.”

சம்பந்தி கரட்டைப் பார்த்தார். அதன் உச்சி ஒரு பக்கமாகச் சரிந்து தலையாட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் மீசையை நீவினார். தர்க்கத்தில் குறை கண்டுபிடிக்க முடியாத முகம் ஒன்று உண்டு. அவர் முகம் அப்படி ஆயிற்று. “ஏனுங்க, இது எங்க கெடைச்சுதுங்க?” என்று மட்டும் கேட்டார்.

“குருகிட்ட இருந்துங்க,” என்றார் சம்பூரணம், நெஞ்சை நிமிர்த்தி. “அதுதான எங்க ஊர் வழக்கம்.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று தோற்றார்கள். மௌனிகா அம்மாவைப் பார்த்தாள், பாவாத்தாளைப் பார்த்தாள், அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துபோனவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். “வெயிங்க பெரீம்மா,” என்றாள். “நானே மிதிச்சுக்கறேன்.”

வாழையிலையை விரித்து அதன் நடுவில் கல்லை வைத்தார்கள். குங்குமம் வைக்கப் பார்த்தார்கள், இடம் போதவில்லை. மாப்பிள்ளை குனிந்து, அவள் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். கெட்டிமேளம் வெடித்தது. மௌனிகா முழு எடையோடு மிதித்தாள்.

“ஆஆவ்!”

அந்த அலறலில் கரடு இன்னும் கொஞ்சம் சரிந்தது. அவள் ஒற்றைக் காலில் குதித்தாள், மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், வலியில் கண்ணீர் வர வர விழுந்து விழுந்து சிரித்தாள், “இத வெச்சுட்டா சார் இத்தன நாளும் நடந்தாரு!” என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான், மாப்பிள்ளையைப் பார்த்து மீசை சிரித்தது, நாதசுரக்காரர் சிரித்ததில் சீவாளியிலிருந்து கோழி கூவியது போல ஒரு சத்தம் கிளம்பியது. மணவறைக்குத் திரும்பும்வரை யாரும் காத்திருக்கவில்லை, அங்கேயே தாலி ஏறியது. அட்சதை பறந்தது. அந்த அமளியில் மௌனிகாவின் காலடியிலிருந்து கல் எகிறி எங்கேயோ போய் விழுந்தது.

“ஐயோ, கல்லு!” என்று சம்பூரணம் கத்தினார். “ஊர்லயே ஒண்ணுதான் இருக்குது! தேடுங்க!”

தலைவியே முதலில் மண்டியிட்டார், பட்டுச்சேலையோடு. அப்புறம் சுப்பராயன், அப்புறம் போஸ்ட்மாஸ்டர், அப்புறம் சங்கத்துக் காசாளர், அப்புறம் கரூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்தவர்கள் எல்லாரும். மீசை தரையில் படும்படி சம்பந்தி தவழ்ந்தார். மேளக்காரர் மேளத்தை உருட்டிவிட்டுத் தவழ்ந்தார். மெத்தென்று இளகிய தெருவில் முழங்கால்கள் புதையப் புதைய, அட்சதை அரிசியைக் கிளறிக் கிளறி, மொட்டைக்கரட்டூர் முழுக்க நாலு காலில் நின்றது.

அப்போதுதான் சென்னியப்பன் வாசலுக்கு வந்தார். ஜுரம் வேர்வையாக வடிந்திருந்தது. யாரோ எடுத்துவைத்திருந்த பட்டுவேட்டி கட்டியிருந்தார். இடுப்பில் கை இல்லை. கதவு நிலையில் தலை இடித்தது, அவ்வளவு உயரமாகத் தான் இருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. அவர் பாவாத்தாளைப் பார்த்தார். அவள் ஆணியில் தொங்கிய அந்தப் பழைய விசிலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஊதினார்.

தவழ்ந்துகொண்டிருந்த அத்தனை பேரும், அந்த விசிலைக் கேட்டே அறியாத கரூர்க்காரர்கள்கூட, ஒரே துள்ளில் எழுந்து, குதிகால் சேர்த்து, விறைத்து நின்றார்கள்.

“பூமியில என்ன பொதையலா தேடறீங்க?” என்றார் சென்னியப்பன். “நெஞ்ச நிமுத்துங்க. அந்தக் கல்ல நான் போதுமுங்கற வரைக்கும் சொமந்தாச்சு.”